படத்துக்குப் பக்கத்தில் கதையை எழுதி ஒட்டலாமா?

#1 செம்மண்கோடு (காட்பாடி)

வணக்கம். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறேன். உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

அடுத்த மாதம் வேலூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓவியங்கள் வைக்கிறோம். எல்லாரும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்க்கொண்டே வரைகிறவர்கள். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. என்னுடைய படங்களில் ஒன்றைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

பலகையில் அக்ரிலிக். நாலடி உயரம். இடுப்பளவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், அதற்கு மேலே வெள்ளை. சுவரை ஒட்டி அறுபது வயதுக்காரர் ஒருவர் நிற்கிறார். வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருக்கிறார். ரப்பர் செருப்பு. வலதுகால் வாரில் ஊக்கு குத்தியிருக்கிறது. வேறு ஆள் இல்லை, கட்டில் இல்லை, கதவும் இல்லை.

அவர் என் அப்பா. அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப் போனபோது கழற்றிக் கொடுத்த செருப்பு அது. கீழே வைக்கச் சொல்லியும் அவர் வைக்கவில்லை.

போன வருஷம் ஒரு நூலக விழாவில் இந்தப் படத்தைத் தலைப்புகூட எழுதாமல் வைத்திருந்தேன். ஒரு பெரியம்மா பார்த்துவிட்டு, "பொண்டாட்டி கோயிலுக்குள்ள போயிருக்கா. வெளிய வுட்டா எவனாவது போட்டுனு போயிடுவான்னு கையிலயே வச்சினு நிக்கறாரு பாரு மனுஷன்" என்று சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, "எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான்" என்றார். கல்லூரிப் பையன் ஒருவன், இறந்துபோன பாட்டியின் செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் தாத்தா வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள் இருக்கும் பக்கம் என்பதால் சிகிச்சைக்கு வந்திருந்த வங்காளத்துத் தம்பதி ஒன்றும் உள்ளே வந்தது. அந்த மனிதர் மனைவி கூப்பிட்டும் நகரவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். படத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

இப்போது கூட வைக்கும் நண்பர்கள், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஓர் அட்டையில் அதன் பின்னணியை எழுதச் சொல்கிறார்கள். கதை தெரிந்தால்தான் பார்க்கிறவர் மனதில் ஒட்டும் என்கிறார்கள். எழுதிவிட்டால் அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்காரருக்கு அந்தப் படத்தில் இடமிருக்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

#2 மூன்றாம்வீதி (கண்ணமங்கலம்)

எழுதணும் டீச்சர், கண்டிப்பா எழுதணும். நம்ம பக்கத்துல ஓவியக் கண்காட்சிக்குப் போய்ப் பழக்கம் உள்ளவங்க எத்தனை பேர் இருப்பாங்க? பள்ளிக்கூடத்துல படிக்கும்போது கோட்டைக்குள்ள இருக்கற மியூசியத்துக்கு வரிசையா கூட்டிட்டுப் போனதோட சரி. சுவத்துல வெறும் படம் மட்டும் இருந்தா, இது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு வாசல்லயே திரும்பிடுவாங்க. நாலு வரி இருந்தா நின்னு படிப்பாங்க, படிச்சுட்டு நிமிர்ந்து படத்தைப் பார்ப்பாங்க. வந்தவங்களுக்கு நாம காட்டற மரியாதை அது. நீங்க சொன்ன மூணு பேரும் தானா பேசினவங்க. பேசாம போனவங்க எத்தனை பேர்?

#3 அப்பர்லைன் (ஆம்பூர்)

நான் ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். ஓவியத்த பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. ஆனா டீச்சர் போன வருஷம் வச்ச அந்தப் படத்த நான் பாத்தேன். சொந்தக்காரர் ஒருத்தர பாக்க வேலூர் வந்தப்போ.

அந்தச் செருப்புல இடது கால் குதிகால் வெளிப்பக்கமா நல்லா தேஞ்சிருக்கு. வலதுல அவ்ளோ தேய்மானம் இல்ல. அதாவது அந்தம்மா வலது கால தாங்கித் தாங்கி நடந்திருக்காங்க, வெயிட்டு முழுக்க இடதுல எறங்கியிருக்கு. நாங்க தெனமும் சோல் பாக்கறவங்க, எங்க கண்ணு மொதல்ல அங்கதான் போவும். இத டீச்சர் மனசுல இருந்து வரைஞ்சாங்களா, செருப்ப பக்கத்துல வச்சு வரைஞ்சாங்களா? சொன்னா நல்லா இருக்கும்.

ஏன் கேக்கறேன்னா, பெரியவர் மூஞ்சிய நான் அப்புறம்தான் பாத்தேன். எங்கம்மா வருஷக்கணக்கா அப்பர், அதாவது ஷூவோட மேல்பகுதி, தச்சாங்க. எல்லாம் வெளிநாட்டுக்குப் போற லெதர் ஷூ. விடியக்காலையில கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுறது மட்டும் ரப்பர் செருப்புல. வார் அறுந்தா ஊக்கு. நல்லதா ஒரு தோல் செருப்பு வாங்கித் தரேன்னு சொன்னா, "எதுக்குடா, மழையில நனைஞ்சா வீணாப் போயிடும்"னு சொல்லிடுவாங்க. படத்துல அந்த ஊக்க பாத்ததும் எனக்குக் கம்பெனி பஸ்ஸு ஹாரன் சத்தம்தான் கேட்டுது.

ஆஸ்பத்திரின்னு எனக்குத் தோணவே இல்ல. பக்கத்துல ஆபரேஷன் தியேட்டர்னு எழுதி இருந்தா நான் அந்தப் பெரியவருக்காக ஐயோ பாவம்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பேன். எங்கம்மா உள்ள வந்திருக்க மாட்டாங்க.

#4 பாலாற்றுமணல் (இராணிப்பேட்டை)

ஆம்பூர் நண்பர் எழுதியதைப் படித்ததும் ஒரு பழைய சண்டை நினைவுக்கு வந்தது.

1886-இல் பாரிசில் இருந்தபோது வான்கோ ஒரு ஜோடி பழைய பூட்ஸை வரைந்தார். வார் அவிழ்ந்து, தோல் மடங்கி, ஆளில்லாமல் கிடக்கும் பூட்ஸ். ஜெர்மன் தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர் 1930-களில் அதைப் பற்றிப் பேசும்போது, அது ஒரு குடியானவப் பெண்ணுடையது என்று எடுத்துக்கொண்டார். ஈர மண், பொழுது சாயும்போது வயல்வழி நடை, நாளைய ரொட்டிக்கான கவலை என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் அதில் கண்டார். 1968-இல் கலை வரலாற்று அறிஞர் மேயர் ஷாபிரோ மறுத்து எழுதினார்: அவை ஓவியருடைய சொந்தப் பூட்ஸ், நகரத்தில் நடந்த ஒரு மனிதனுடையவை, தத்துவ அறிஞர் தன் மனதிலிருந்ததைப் படத்தின் மேல் ஏற்றிவிட்டார் என்று.

எனக்கு ஷாபிரோ பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் ஹைடெக்கருக்கு வயல் ஏன் தெரிந்தது என்பதும் யோசிக்க வேண்டியது. அவர் மெஸ்கிர்ஷ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். மலைச்சரிவில் இருந்த குடிசை ஒன்றில் போய்த் தங்கி எழுதுவார். உழவர் வாழ்க்கையின் மேல் அவருக்குத் தீராத பற்று. அந்தப் பற்றோடுதான் அவர் படத்தின் முன் நின்றிருக்கிறார்.

இரண்டு பார்வைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆம்பூர் நண்பர் பலகையில் உண்மையாகவே இருக்கும் ஊக்கிலும் தேய்மானத்திலும் தொடங்கித் தன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார். ஹைடெக்கர் பலகையில் இல்லாத ஒரு பெண்ணில் தொடங்கினார். பார்க்கிறவர் தன் வாழ்க்கையைக் கொண்டுவரலாம், கொண்டுவரத்தான் வேண்டும். ஆனால் அது படத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைத் தொட்டுக்கொண்டு வரவேண்டும். அதனால் அட்டை வேண்டாம் என்பதே என் பக்கம். பலகையில் வேண்டியது இருக்கிறது.

#5 படுகளம் (ஆரணி)

நான் கூத்து பாத்து வளந்தவன், அத வச்சு சொல்றேன்.

எங்க பக்கம் திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் வச்சா கடைசியில படுகளம். துரியோதனன மண்ணுல பெருசா செஞ்சு, வர்ணம் பூசி, மல்லாக்க படுக்க வச்சிருப்பாங்க. பீமன் வேஷக்காரரு அவன அடிச்சு முடிச்சதும் ஒப்பாரி ஆரம்பிக்கும். அப்ப எங்க ஊரு பொம்பளைங்கள பாக்கணும். மாருல அடிச்சினு அழுவாங்க. துரியோதனன் மேல அவங்களுக்கு இன்னா பாசம்? அத்தினி நாளும் அவன திட்டினு இருந்தவங்கதான். கிட்ட போயி காது குடுத்து கேட்டா தெரியும். ஒருத்தி செத்துப்போன தம்பி பேர சொல்லி அழுவா. இன்னொருத்தி கெணத்துல வுழுந்த புள்ள பேர சொல்லி அழுவா. மண்ணுல கெடக்கறது ஒருத்தன், அழுவறது ஆளுக்கு ஒருத்தருக்காக.

ஆனா ஒன்னு. அந்தக் கதை அங்க நிக்கற சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும். கதை தெரிஞ்சதாலதான் அவங்களால அழுவ முடியுது. டீச்சரோட அப்பா கதை யாருக்கும் தெரியாது. அதனால எழுதாதீங்கன்னு பட்டுனு சொல்ல எனக்கு வாய் வரல.

#6 கோடுகள் (திருவண்ணாமலை)

எல்லாரும் உணர்ச்சி, அனுபவம் என்றே எழுதுகிறீர்கள். நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவன், கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. வரைகிறவர் எவ்வளவு துக்கப்பட்டார் என்பதைப் பலகை சுமக்காது. கோடும் நிறமும் இடைவெளியும்தான் பலகையில் இருக்கும்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அக்கா சோஃபி 1877-இல் காசநோயில் இறந்தாள், வயது 15. அம்மாவும் அதே நோயில் முன்பே போய்விட்டார். 1885-86-இல் அவர் நோயுற்ற சிறுமியின் படத்தை வரைந்தார். தலையணையில் சாய்ந்த சிறுமி, பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வண்ணத்தைப் பூசுவார், சுரண்டுவார், திரும்பப் பூசுவார். 1886-இல் கிறிஸ்டியானியா நகரத்தில் (இன்றைய ஓஸ்லோ) அதைக் காட்சிக்கு வைத்தபோது வந்தவர்கள் ஏளனம் செய்தார்கள். காசநோய் நுழையாத தெரு அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்களில் ஏது? படத்தில் இருந்த துக்கம் பார்த்தவர்கள் வீட்டிலும் இருந்தது. இருந்தும் சிரித்தார்கள். அந்தச் சுரண்டிய பரப்பு அவர்களுக்கு முடிக்காத வேலையாகத் தெரிந்தது. அவர் விடவில்லை. நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை ஆறு முறை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். இன்று அதன் முன் உலகமே நிற்கிறது.

இன்னொன்று, படத்துக்காக உட்கார்ந்தது சோஃபி இல்லை, உட்கார முடியாது. வேறொரு சிவந்த முடிக்காரச் சிறுமி. சொந்தத் துக்கத்தை வேறொருத்தியின் கன்னத்திலும் கழுத்திலும் தேடித்தான் அவர் கண்டெடுத்தார்.

எங்கள் ஊர்க்காரர் ஏ.பி. சந்தானராஜ், 1932-இல் பிறந்தவர். அப்போது திருவண்ணாமலை வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. சென்னை ஓவியக் கல்லூரியிலேயே படித்து, கற்பித்து, முதல்வராகவும் ஆனார். அவருடைய கோட்டின் முன் நிற்கும்போது எனக்குக் கதை எதுவும் தோன்றுவதில்லை. தீபத்தன்று மாடவீதியில் நெரிபடுகிற உணர்வு உடம்பில் ஏறும். எந்த அட்டை அதைச் செய்யும்?

செம்மண்கோடு, உங்கள் படம் பேசுகிறது என்றால் நீங்கள் எதை விட்டீர்கள், எதை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அங்கேதான் விடை இருக்கிறது.

#7 செம்மண்கோடு (காட்பாடி)

கோடுகள், நல்ல கேள்வி.

இதே காட்சியை முதலில் வரைந்தது, நடந்த சூட்டோடு. அதில் எல்லாம் இருந்தது. தியேட்டர் கதவு, மேலே சிவப்பு விளக்கு, தரையில் உட்கார்ந்து அழும் நான், அப்பாவின் கண்ணில் நீர். அடர்ந்த சிவப்பும் கறுப்பும். வரைந்து முடித்த இரவில் எனக்கு நெஞ்சு லேசானது, அது உண்மை. அந்த அளவில் அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த யாரும் அதன் முன் நிற்கவில்லை. "ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள், படத்தைப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து அலமாரியை ஒழிக்கும்போது அந்தச் செருப்பு கிடைத்தது. ஆம்பூர் அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: பக்கத்தில் வைத்துத்தான் வரைந்தேன். தேய்மானத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேனே தவிர, அதற்குக் காரணம் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு வலது முட்டியில் வலி இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இரண்டாம் முறை செருப்பை முதலில் வரைந்தேன். பிறகு அதைப் பிடித்திருக்கும் விரல்கள். கடைசியில்தான் முகம். கதவை வரைந்து அழித்தேன், ஏனென்றால் கதவு இருந்தால் எல்லாரும் கதவுக்குப் பின்னால் என்ன என்றே யோசிக்கிறார்கள். கண்ணீரையும் எடுத்துவிட்டேன். அப்பா அன்றைக்கு அழவே இல்லை. முதல் படத்தில் அழுதது நான்தான்.

#8 இரவுப்பணி (பாகாயம்)

நான் நர்ஸ். கோடுகள் சொன்ன அந்த மங்க் படத்துல தலைகுனிஞ்சு உட்கார்ந்திருக்கற பொண்ணு அவங்க சித்தின்னு படிச்சிருக்கேன். முகம் தெரியாது. பெட்டுக்குப் பக்கத்துல உட்கார்றவங்க நோயாளி பார்த்துடக் கூடாதுன்னு அப்படித்தான் குனிஞ்சு அழுவாங்க. அத நான் எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கேன். அந்தக் கழுத்து வளைஞ்சிருக்கறது அப்படியே சரி. நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, வேற நாடு, வேற நோய். கழுத்து மட்டும் அதேதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். அவங்க வீட்டுக்காரர் பெர்லின்ல ஏழைங்க இருக்கற பகுதியில டாக்டர். வைத்தியம் பார்க்க வர்ற அம்மாக்கள தெனமும் பார்த்தவங்க. 1903-ல செத்த குழந்தைய அணைச்சுட்டு இருக்கற தாயை ஒரு அச்சுப்படமா செஞ்சாங்க. ஏழு வயசுப் பையன் பீட்டரை மடியில போட்டுக்கிட்டு, கண்ணாடியில பார்த்துத் தன்னையே வரைஞ்சாங்க. அப்போ பையன் நல்லா இருந்தான். 1914 அக்டோபர்ல அதே பீட்டர் போர்ல செத்துட்டான். வரையும்போது அவங்களுக்கு நடக்காத துக்கம் அது. வைத்தியத்துக்கு வந்த அம்மாக்களோட துக்கத்த தன் உடம்புல வாங்கி வரைஞ்சிருக்காங்க. அதனால சொந்தத் துக்கத்தைத்தான் வரையணும்னு சட்டம் எதுவும் கிடையாது.

அவங்க வரையற கைகள் பெருசா, கனமா இருக்கும். இந்த ஊர்லதான் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால மடங்கிப்போன விரல்கள ஆபரேஷன் பண்ணி மறுபடி வேலை செய்ய வச்சாரு. அந்தக் கதைகளக் கேட்டுத்தான் நான் நர்ஸிங் படிச்சேன். அதனாலயோ என்னவோ படம்னா என் கண்ணு கைக்குத்தான் போகும். டீச்சர் படத்துல அப்பாவோட கட்டைவிரல் செருப்பு வாரை அழுத்திப் பிடிச்சிருக்குமா? பார்க்க வருவேன்.

ஒரு விஷயம் கேட்கணும். அப்பாகிட்ட அனுமதி வாங்கினீங்களா? அட்டை எழுதறது பத்திச் சொல்றேன். நாங்க வார்டுல அழறவங்கள யாரையும் போட்டோ எடுக்க விடமாட்டோம். படம் உங்களுது. கதையில பாதி அவரோடது.

#9 செம்மண்கோடு (காட்பாடி)

சிஸ்டர், கேட்டேன். நேற்றுதான் கேட்டேன். "நீ வரைஞ்சது சரி. உங்கம்மா பேரப் போடாத" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

கட்டைவிரல், ஆமாம்.

#10 குறிஞ்சிப்பாட்டு_வாத்தியார் (குடியாத்தம்)

தங்கள் தந்தையார் சொன்னது நம் இலக்கணக்காரர்கள் சொன்னதுதான், அம்மா. அகத்திணைப் பாடல்களில் "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்" என்கிறது தொல்காப்பியம். காதலிப்பவள், காத்திருப்பவள், பிரிந்து போகிறவன் எவருக்கும் பெயர் சொல்லக் கூடாது. ஆனால் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நுணுக்கமாகச் சொல்வார்கள். எந்தப் பூ, எந்தப் பொழுது, மழை முன்பா பின்பா, நாரை எந்தக் காலில் நின்றது என்பதுவரை. ஆளைச் சுட்டவில்லை, பொருளைத் துல்லியமாகச் சுட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் படிக்கிற பிள்ளை அந்தப் பெயரில்லாத இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்கிறான். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் இதைக் கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

ஊக்கு இருக்கிறது, தேய்மானம் இருக்கிறது, பச்சைச் சுவர் இருக்கிறது. பெயர் இல்லை. தங்கள் படம் அந்த மரபில்தான் நிற்கிறது.

அதே தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிய மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன், அதாவது அழுகை பிறக்கும் இடங்கள்: "இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே." பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர், தானே அவலிப்பதும் பிறர் அவலம் கண்டு அவலிப்பதும் என அழுகையை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். ஆம்பூர் நண்பர் விஷயத்தில் இந்த இரண்டும் எப்படிக் கலந்தன பாருங்கள். கண்ட அவலம் பிறருடையது. அழுதது தம் தாயின் வறுமைக்கு. ஓவியர் வரைந்தது இழவு, அவர் பெற்றுக்கொண்டது வறுமை. அதில் குறையேதும் இல்லை. அட்டையில் எழுதிவிட்டால் அந்த நான்கில் ஒன்றுதான் மிஞ்சும்.

#11 மூன்றாம்வீதி (கண்ணமங்கலம்)

ஐயா சொல்றதக் கேட்க நல்லா இருக்கு. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க பக்கத்துல கம்மவான்பேட்டை இருக்கு. ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க, அவ்வளவு வீட்டுல இருந்து பட்டாளத்துக்குப் போயிருக்காங்க. எங்க குடும்பத்துலயும் போனவங்க உண்டு, திரும்பி வராதவரும் உண்டு. சிஸ்டர் எழுதின கோல்விட்ஸைப் பத்தி நேத்து ராத்திரி தேடிப் படிச்சேன். பீட்டர் செத்த அப்புறம் அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய ஆரம்பிச்சு, 1932-லதான் முடிச்சாங்களாம். பெல்ஜியத்துல அவன் புதைக்கப்பட்ட இடத்துல வச்சாங்க. அப்பாவும் அம்மாவும் தனித்தனியா மண்டிபோட்டு இருக்காங்க. அப்பா கையைக் கட்டிக்கிட்டு நேராப் பார்க்கறாரு, அம்மா குனிஞ்சு இருக்காங்க.

இத வெறும் படமா காட்டியிருந்தா, ஏதோ வேண்டுதல்னு நினைச்சுக் கடந்து போயிருப்பேன். பட்டாளத்துல போன மகனுக்காகன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் எங்க தாத்தா அந்த அப்பா சிலையில தெரிஞ்சாரு. தாத்தா அப்படித்தான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. தந்தி வந்த அன்னிக்கு மட்டும் இல்ல, அதுக்கப்புறம் சாகற வரைக்கும். எனக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்த ரெண்டு வரிதான்.

#12 இரவுப்பணி (பாகாயம்)

மூன்றாம்வீதி அக்கா, நீங்க எழுதினதப் படிச்சுட்டு டியூட்டியில கொஞ்ச நேரம் எதுவும் ஓடல.

ஒன்னு மட்டும் சேர்த்துக்கறேன். அந்தச் சின்னத்துக்கு அவங்க முதல்ல போட்ட திட்டத்துல பீட்டரும் இருந்தான். நடுவுல மகன் உடம்பு, தலைமாட்டுல அப்பா, கால்மாட்டுல அம்மா. வருஷக்கணக்கா அதோட மல்லுக்கட்டி, நிறுத்தி, மறுபடி ஆரம்பிச்சப்போ மகனை எடுத்துட்டாங்க. அப்பா அம்மா ரெண்டு பேர் மட்டும். பீட்டர் இல்லாததாலதான் உங்க வீட்டுப் பையனுக்கு அங்க இடம் இருந்துது. கதை கதவைத் திறந்துது சரி, உள்ள இடம் விட்டது அவங்க எடுத்த முடிவு.

#13 இருபதுரூபாய்_டீ (சத்துவாச்சாரி)

கல்லூரியில உளவியல் படிக்கிறேன். இதுக்கு ஒட்டின ஆய்வு ஒன்னு இருக்கு. 2012-ல நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 16 பேரை ஸ்கேன் கருவிக்குள்ள படுக்க வச்சு 109 ஓவியங்களோட படத்தைக் காட்டினாங்க. எவ்வளவு மனசைத் தொட்டுதுன்னு 1-லிருந்து 4 வரைக்கும் மதிப்பெண் போடணும். 4 போட்ட படங்களுக்கு மட்டும், நாம நம்மளப் பத்தி, நம்ம பழைய நினைவுகளப் பத்தி யோசிக்கறப்போ வேலை செய்யற மூளைப் பகுதிகள் எழுந்திருக்கு. 1, 2, 3-க்கு அப்படி இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ஏறல, உச்சத்துல மட்டும்தான். எந்தப் படத்துக்கு 4 போடறதுங்கறதுல ஒருத்தருக்கொருத்தர் ஒத்தும் போகல.

16 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான், அதை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாது. ஆனா ஆம்பூர் அண்ணா 4 போட்ட படத்துக்கு நான் 2 போடலாம், அதுல ரெண்டு பேர் மேலயும் குத்தம் இல்லைன்னு தெரியுது. எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி அது. ஓவியர் நினைச்சது எனக்குத் தோணலைன்னா நான் முட்டாளான்னு ஒவ்வொரு தடவையும் பயந்துட்டே பார்ப்பேன்.

#14 ஏலகிரிச்சாரல் (வாணியம்பாடி)

சுருக்கமா சொல்றேன். எங்க பக்கத்துல மலையம்பட்டு ஆர்மாமலைக் குகை இருக்கு. 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள். நிறைய உதிர்ந்து போச்சு. வரைஞ்சவர் யாருன்னு ஒரு எழுத்து கிடையாது. போனமுறை ஏறினப்போ ஆடு மேய்க்கற பையன் ஒருத்தன் வழி காட்ட வந்தான். திசைக்காவலர்னு ஒருத்தர் விளக்கிக்கிட்டே இருந்தாரு, பையன் காதுல வாங்கல. மேல அக்கினி தேவன் ஏறி வர்ற ஆட்டைக் காட்டி, "இது கெடா, கொம்பு பாருங்க"ன்னான். அவன் அதைப் பல தடவை வந்து பார்த்திருக்கான்னு தெரிஞ்சுது. அவனுக்கு அந்த ஆடு போதும். விளக்கம் சொன்னவரும் வேணும், நாங்க அவர் பேச்சையும் கேட்டோம். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும்னு இல்ல, அவ்வளவுதான்.

#15 கோடுகள் (திருவண்ணாமலை)

ஏலகிரிச்சாரல் சொன்னதில் வழி இருக்கிறது. பக்கத்தில் ஒட்டாதீர்கள். வெளியே போகும் வாசலில் ஒரு மேசை போட்டு, விருப்பப்பட்டவர் எடுத்துப் படிக்கத் தனித் தாளாக வையுங்கள். படித்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்ப் பார்க்கிறவர் பார்க்கட்டும். இரண்டாம் பார்வை வேறாக இருக்கும், அதுவும் நல்லதுதான்.

தலைப்பு மட்டும் பக்கத்தில் வேண்டும். 'காத்திருப்பு', 'பிரிவு' என்று உணர்ச்சியைத் தலைப்பாக்க வேண்டாம். கேட்டு வாங்குவது ஆகிவிடும். பொருளின் பெயரைச் சொல்லுங்கள்.

#16 மூன்றாம்வீதி (கண்ணமங்கலம்)

மேசைக்கு நான் ஒத்துக்கறேன், ஒரு நிபந்தனையோட. மேசையில ஆள் இருக்கணும். படிக்கத் தெரியாதவங்க வருவாங்க, என் மாமியார் மாதிரி. அவங்க கேட்டா வாயால சொல்ல ஒருத்தர் வேணும். டீச்சர் கூப்பிட்டா ரெண்டு சாயந்திரம் நான் வந்து உட்கார்றேன்.

இன்னொன்னு, நீங்களும் நாங்களும் மட்டுமே பேசிட்டு இருக்கோம். அந்த வங்காளத்துக்காரர் மாதிரி வர்றவங்களுக்குத் தலைப்பாவது அவங்க மொழியில இருக்கட்டும். உருதுலயும் வேணும், தெலுங்குலயும் வேணும். இந்த ஊர்ல அது இல்லாம எப்படி?

#17 செம்மண்கோடு (காட்பாடி)

எல்லாருக்கும் நன்றி. நண்பர்களிடமும் பேசிவிட்டேன். படத்துக்குப் பக்கத்தில் 'ஊக்கு குத்திய செருப்பு' என்று தலைப்பும், வருஷமும், அக்ரிலிக் என்பதும் மட்டும். தமிழ், உருது, தெலுங்கு, வங்காளம் நான்கிலும். உருதுவும் தெலுங்கும் பள்ளியில் ஆசிரியர்கள் எழுதித் தருகிறார்கள். வங்காளத்துக்கு லாட்ஜ் வரவேற்பில் இருக்கும் தம்பி ஒருவரைக் கேட்டிருக்கிறேன்.

வாசலில் மேசை உண்டு. தாளில் மூன்று வரிதான். அப்பாவிடம் படித்துக் காட்டினேன், ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். அம்மாவின் பெயர் இல்லை. மூன்றாம்வீதி அக்கா, கட்டாயம் வாருங்கள், மேசை உங்களுடையது.

என் கூட வைக்கிற நண்பர் ஒருவருக்கு இன்னும் சமாதானமில்லை. அவர் தன் படங்களுக்குப் பக்கத்திலேயே கதையை ஒட்டப்போகிறார். ஒரே மண்டபத்தில் இரண்டு விதமும் இருக்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கலாம்.

#18 அப்பர்லைன் (ஆம்பூர்)

டீச்சர், ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா? எங்க லைன்ல இருக்கறவங்களுக்கு அன்னிக்குத்தான் லீவு. கேட்டுப் பாத்ததுல ஒரு வேன் அளவுக்கு வராங்க. எங்கம்மாவையும் கூட்டினு வரேன். அவங்களால மாடிப்படி ஏற முடியாது.

#19 செம்மண்கோடு (காட்பாடி)

தரைத்தளம்தான் அண்ணா, ஒரு படிகூட இல்லை. ஞாயிறு காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை. அம்மாவுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.